வளையலுக்கு ஒரு கிலோ கழிச்சேன்

அன்னிக்கு அந்த அறையில இருந்தவங்க இவங்கதான்.

நான். எடை மெஷின் பக்கத்துல, கையில பேனா.

மிஸ்ஸி. கிளினிக் நர்ஸை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். மலாய்க்காரங்க. மேசைக்கு அந்தப் பக்கம் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுருட்டிக்கிட்டு இருந்தாங்க.

கஸ்தூரி. முப்பத்தாறு வாரம். தலைச்சன் பிள்ளை. ரெண்டு நாளைக்கு முன்னாலதான் வளைகாப்பு முடிஞ்சிருந்தது. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்.

கஸ்தூரியோட நாத்தனார். கையில நாலு பை. வாய் ஓயாது.

வாசல்ல ஒரு சீனப் பொண்ணு. அடுத்து அவ முறை.

கஸ்தூரி வயித்துல ஒண்ணு.

அவ்வளவுதான். இத்தனை பேர் இருந்தும் தப்பு நடந்துச்சு. செஞ்சது நான்.

புதுசா அட்டெண்டன் வேலைக்கு வந்திருக்கிற நீங்க நாலு பேரும் போன வாரம் கேட்டீங்க, "அக்கா, எங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்க"ன்னு. கிள்ளான்ல ஒரே தாய்சேய் கிளினிக்ல இருபத்தேழு வருஷம் அட்டெண்டனா இருந்தேன். படிப்பு மூணாம் பாரம், ஒன்பதாம் வகுப்போட சரி. போன வருஷம் பென்ஷன். எனக்கு நீட்டி முழக்கத் தெரியாது. ஆனா இந்த ஒரு நாளைச் சொல்லாம விட முடியாது. கேளுங்க.

முதல்ல, நான் எப்படி அந்தப் பழக்கத்துக்கு வந்தேன்னு சொல்லணும்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்குக் குரல் பெருசு. மெஷின்ல ஏத்துவேன், நம்பரைப் பார்ப்பேன், கத்துவேன். "எண்பத்தாறு!" வெளியில உட்கார்ந்திருக்கிற இருபது பேருக்கும் கேட்கும். மிஸ்ஸிக்குக் கேட்கணும்னுதான் கத்தினேன். வேற நினைப்பு இல்ல. எடை கூடியிருந்தா, "என்னம்மா, வீட்டுல சோத்துப் பானையே உனக்குத்தானா?"ன்னு ஒரு கிண்டல் வேற. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்.

ஒரு நாள் ஒரு பொண்ணு மெஷின் மேலயே சுருண்டு விழுந்தா. அஞ்சு மாசம். பிடிச்சு உட்கார வெச்சு, மைலோ கலக்கிக் குடுத்தோம். கண்ணைத் திறந்ததும் கேட்டா, "அக்கா, குறைஞ்சிருக்கா?" முந்தின நாள் மத்தியானத்துல இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. கிளினிக் நாள்னா அப்படித்தானாம். நான் கத்துற நம்பருக்குப் பயந்து.

அப்ப இருந்த மூத்த மிஸ்ஸி ஒண்ணும் திட்டல. எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாங்க. "ஏறு"ன்னாங்க. ஏறினேன். கதவைத் திறந்து வெச்சிட்டு வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாங்க, "எழுபத்தொண்ணு!" அங்க மருந்து குடுக்கிறவர், தோட்டக்காரர், டிரைவர், எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. டிரைவர், "லோரியில ஏத்தலாமா அக்கா?"ன்னாரு.

அதோட என் வாய் அடைஞ்சுது. அது நல்லது. ஆனா நான் மறுபக்கம் சாய்ஞ்சிட்டேன். அதுதான் கெட்டது.

பாவம் பார்க்க ஆரம்பிச்சேன். கூடினா மிஸ்ஸி திட்டுவாங்களேன்னு கழிக்க ஆரம்பிச்சேன். ஜீன்ஸ் போட்டு வந்தா அரைக் கிலோ கழி. தலைக்குக் குளிச்சு முடி ஈரமா இருந்தா நூறு கிராம் கழி. கைப்பையைக் கீழ வைக்க மறந்தா ஒரு கிலோ கழி. யாரும் கேட்கல. யாருக்கும் தெரியாது. பொண்ணுங்க சிரிச்சுக்கிட்டு இறங்குவாங்க. "இந்த அக்கா நல்லவங்க"ன்னு பேர். வருஷக் கணக்கா அப்படித்தான் ஓடிச்சு.

இப்ப கஸ்தூரி.

தெலுக் பங்லிமா காராங்ல ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில வேலை. ரெண்டாவது மாசம் வந்தப்ப எழுபத்தொரு கிலோ. உயரத்துக்கு அதிகம். மிஸ்ஸி சொன்னாங்க, "குறைக்கக் கூடாது. பட்டினி கூடாது. ஆனா பிரசவம் வரைக்கும் பத்து கிலோவுக்குள்ளதான் ஏறணும். மெதுவா." அவ்வளவுதான் சொன்னாங்க. அந்தப் பொண்ணு அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டா.

தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, பாதித் தட்டு கீரை காய். அதை அப்படியே போன்ல படம் பிடிச்சு வந்து எனக்குக் காட்டுவா. தேத்தண்ணியில கெட்டிப்பால் நிறுத்திட்டா. சாப்பாட்டு இடைவேளையில தொழிற்சாலையில லோரி நிக்கிற இடத்தைச் சுத்தி ரெண்டு ரவுண்டு நடப்பா. கூட வேலை செய்யிறவங்க, "கஸ்தூரி, யார் லோரியைத் தேடுறே?"ன்னு கேலி செய்வாங்களாம். அவ புருஷன் லோரி ஓட்டுறவர்.

ஒவ்வொரு தடவையும் இறங்கி நம்பரைக் கேட்பா. சரியா இருந்தா என் கையைப் பிடிச்சு ஒரு குலுக்கு. எனக்கும் சந்தோஷம்தான். சொந்தப் பிள்ளை பரீட்சை எழுதற மாதிரி.

முப்பத்தஞ்சாவது வாரம், எழுபத்தெட்டு புள்ளி நாலு. ரொம்ப நல்லா வந்திருந்தா.

அடுத்த செவ்வாய் வந்தா. ஏறினா. நான் பார்த்தேன். எண்பது புள்ளி ஒன்பது.

ஒரே வாரத்துல ரெண்டரைக் கிலோ.

அவ முகத்தைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே பயந்துட்டா. "அக்கா, வளைகாப்புல எல்லாரும் ஊட்டிட்டாங்க. வேண்டாம்னா கேட்கல"ன்னா.

நாத்தனார் உடனே, "ஏழு வகை சோறு அக்கா! எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர், சர்க்கரைப் பொங்கல், இன்னும் என்னென்னவோ. இவ கொறிச்சா. நான்தான் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். என்னை ஏத்தினா உங்க மெஷின் உடையும்"ன்னா.

மிஸ்ஸி சிரிச்சாங்க. "சித்ரான்னமா? எனக்கு எங்க?" அவங்களுக்கு நம்ம சடங்கு எல்லாம் அத்துப்படி. எத்தனை வளைகாப்புக்குப் போயிருப்பாங்க.

நான் மனசுல கழிச்சேன். வளையலுக்கு ஒரு கிலோ. விருந்துக்கு அரைக் கிலோ. பிரசவம் வரைக்கும் வளையலைக் கழட்டக் கூடாதுன்னு நம்ம ஆளுங்க சொல்வாங்க, கழட்டச் சொல்ல எனக்கும் வாய் வரல. எழுதினேன், எழுபத்தொன்பது புள்ளி நாலு. கிளினிக் அட்டையிலயும் அதே. அவகிட்ட, "ஒரு கிலோதான், சரியா இருக்கு"ன்னேன்.

ரத்த அழுத்தம் முதல் தடவை கொஞ்சம் ஏறி இருந்தது. மிஸ்ஸி அட்டையை எடுத்து எடையைப் பார்த்தாங்க. ஒரு கிலோ. விருந்து. சரி. பத்து நிமிஷம் உட்கார வெச்சு மறுபடி பார்த்தாங்க. இறங்கி இருந்தது. "வெயில்ல நடந்து வந்தியா?" "ஆமா மிஸ்ஸி." சிறுநீர்ப் பரிசோதனையிலயும் புரதம் இருக்கு, இல்லன்னு சொல்ற மாதிரி ஒரு நிறம். "வெள்ளிக்கிழமை வந்து ரெண்டையும் மறுபடி பார்த்துட்டுப் போ"ன்னாங்க.

"வெள்ளிக்கிழமை அம்மா வீட்டுல இருப்பேன். ஸ்ரீ கெம்பாங்கான்ல. இன்னைக்கே போறோம். அங்க இருக்கிற கிளினிக்ல பார்த்துக்கிறேன்."

"சரி, கட்டாயம் போகணும்."

போயிட்டாங்க. நான் அடுத்த பொண்ணை ஏத்தினேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். எங்க அக்கா மகளுக்கும் அந்த வாரம் வளைகாப்பு. லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போய் வளையல் வாங்கினேன். நாலு டஜன். கடைக்காரத் தம்பி பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்தான்.

பையைத் தூக்கினேன்.

ஒண்ணுமே இல்ல. காத்து மாதிரி இருந்தது.

இருபது வருஷத்துக்கு மேல எடை பார்த்த கை. அதுக்கு எடை தெரியும். அப்படியே நின்னுட்டேன். பக்கத்துல பலகாரக் கடை. "அண்ணே, இதைக் கொஞ்சம் தராசுல வைங்க."

"வளையலையா? கிலோ கணக்குல விக்கப் போறீங்களா அக்கா?"

"வைங்க அண்ணே!"

வெச்சாரு. முந்நூறு கிராம்.

நாலு டஜன் முந்நூறு கிராம். நான் கழிச்சது ஒரு கிலோ. அதுக்கு மேல அரை. அப்ப மிச்சம் எங்க இருந்து வந்துச்சு? சோறு ரெண்டே நாள்ல அவ்வளவு ஏறாது. அது எனக்குத் தெரிஞ்ச விஷயம். தெரிஞ்சும் எழுதியிருக்கேன்.

அந்த நேரம் வளையல் கடையில ஒரு பொண்ணு கையில மாட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தா. சலசலன்னு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு உறைச்சுது.

கஸ்தூரி ரெண்டு கையிலயும் வளையல் போட்டுக்கிட்டு மெஷின்ல ஏறினா. இறங்கினா. கையை ஆட்டி ஆட்டிப் பேசினா. ஒரு சத்தம் வரல.

வளையல் ஆடவே இல்ல. கை வீங்கிப் போய் அப்படியே கவ்வியிருந்திருக்கு. என் கண்ணு முன்னாடி.

அது சோறு இல்ல. தண்ணி. உடம்பு முழுக்கத் தண்ணி கோத்துக்கிட்டு இருந்திருக்கு. ரத்தக் கொதிப்பு ஏறப் போகுதுன்னு உடம்பு சொல்லியிருக்கு. அது வலிப்புல போய் நின்னா தாயும் போகும், பிள்ளையும் போகும். ரெண்டு தடவை பார்த்திருக்கேன். அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

மிஸ்ஸிக்குப் போன் போட்டேன். வாயில சாப்பாடோட எடுத்தாங்க. "மிஸ்ஸி, கஸ்தூரி எடை எண்பது புள்ளி ஒன்பது. நான் குறைச்சு எழுதினேன்."

தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "எங்க இருக்கா அவ?"

அட்டையில இருக்கிற விலாசம் தெலுக் பங்லிமா காராங். அங்க போய்ப் பிரயோசனம் இல்ல. அம்மா வீட்டு விலாசம் யார்கிட்டயும் இல்ல. மிஸ்ஸி அவ நம்பருக்கு மூணு தடவை அடிச்சாங்க. எடுக்கல. யோசிச்சேன். புருஷன் லோரியோட ஜொகூர் போயிருக்கார்னு நாத்தனார் சொன்னது ஞாபகம் வந்துச்சு. கார் இல்ல. நாலு பை. ஸ்ரீ கெம்பாங்கான். ரயில்தான். ஸ்டேஷன் பக்கத்துலதான்.

ஓடினேன்.

அப்ப எனக்கு அம்பத்தஞ்சு வயசு. கிளினிக் சீருடை, கையில வளையல் பை. பூக்கடை, துணிக்கடை எல்லாம் தாண்டி ஓடுறேன். யாரோ, "அக்கா, திருடனா?"ன்னு கூடவே ரெண்டு அடி ஓடி வந்தாரு. பதில் சொல்ல மூச்சு இல்ல. ஸ்டேஷன்ல டிக்கெட்டைத் தட்டி உள்ள போற இடத்துல காவலுக்கு நின்னவர் தடுத்தாரு. "கிளினிக்! மாசமா இருக்கிற பொண்ணு!"ன்னேன். சீருடையைப் பார்த்து விட்டுட்டாரு.

பிளாட்பாரத்துல கடைசி பெஞ்சு. உட்கார்ந்திருந்தா. கண்ணை மூடிக்கிட்டு.

நாத்தனார்தான் முதல்ல பார்த்தா. "என்னக்கா, வேலையை விட்டுட்டு வளையல் விக்க வந்துட்டீங்களா?"

நான் அவளைக் கண்டுக்கல. கீழ உட்கார்ந்து கஸ்தூரி காலைப் பிடிச்சேன். முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டைவிரலை வெச்சு அழுத்தினேன். எடுத்தேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்னுச்சு.

"தலை வலிக்குதா?"

"காலையில இருந்து அக்கா. வெயில்ல நடந்தது."

"கண்ணு?"

"பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு. தூங்கினா சரியாயிடும்."

"எழுந்திரு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்பவே."

நாத்தனார் குறுக்க வந்தா. "அதெப்படி? செவ்வாய்க்கிழமை, மூணு மணிக்கு ராகுகாலம். அதுக்குள்ள அம்மா வீட்டு வாசப்படி ஏறணும். சம்பந்தி வீட்டுல ஆரத்தி கரைச்சு வெச்சுக் காத்திருக்காங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன பேசுவாங்க?"

ரயில் வர்ற சத்தம் கேட்டுச்சு. நாத்தனார் பையை எடுத்தா.

கஸ்தூரி என்னைப் பார்த்தா. "நீங்கதானே அக்கா எடை சரியா இருக்குன்னு சொன்னீங்க. ஒரு கிலோதான்னு சொன்னீங்களே."

ரயில் நின்னுது. கதவு திறந்துச்சு.

அந்த இடம் பிள்ளைங்களா. அந்த இடத்துல நான் சொல்லியிருக்கலாம், "மிஸ்ஸி கூப்பிடுறாங்க"ன்னு. "இன்னொரு டெஸ்ட் மறந்துட்டோம்"ன்னு. அப்படிச் சொல்லியிருந்தா அவ நாளைக்கு வரேன்னு ஏறிப் போயிருப்பா. என் பேரும் நல்லா இருந்திருக்கும்.

"நான் பொய் எழுதினேன்"னேன். "நீ எண்பது புள்ளி ஒன்பது. ஒரு வாரத்துல ரெண்டரைக் கிலோ. நீ அழக் கூடாதுன்னு கழிச்சு எழுதினேன். நீ சாப்பிட்டது இல்ல அது. உன் மேல ஒரு தப்பும் இல்ல. உடம்புல தண்ணி நிக்குது. இது பிள்ளைக்கு ஆபத்து. உனக்கும் ஆபத்து. தப்பு என்னோடது. வா."

நாத்தனார் தூக்கின பையைக் கீழ வெச்சா.

கதவு மூடிச்சு. ரயில் போயிடுச்சு. மூணு பேரும் பிளாட்பாரத்துல நிக்கிறோம். கஸ்தூரி என் தோளைப் பிடிச்சு எழுந்தா.

டாக்ஸியில போறப்ப மிஸ்ஸி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வெச்சிட்டாங்க. அவசரப் பிரிவுல இறங்கினதுமே படுக்க வெச்சாங்க. பட்டையைக் கட்டினாங்க. நூத்தெழுபதுக்கு மேல. அங்க இருந்த தாதி நம்பரைச் சொல்லல, டாக்டரைத்தான் கூப்பிட்டா. நாலு பேர் ஓடி வந்தாங்க.

ஊசி குத்தணும். டிரிப் ஏத்தணும். ரெண்டு கையிலயும் இடம் இல்ல. வளையல் இறங்கல. சோப்புத் தண்ணி போட்டாங்க, இறங்கல. தாதி கத்தரி மாதிரி ஒண்ணை எடுத்தா.

நாத்தனார் அழ ஆரம்பிச்சிட்டா. "உடைக்காதீங்க. பிரசவத்துக்கு முன்னால உடையக் கூடாது. எங்க அம்மா போட்ட வளையல். நல்லதில்ல, நல்லதில்ல."

தாதி என்னைப் பார்த்தா. நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அது அவங்க வீட்டு வளையல். அன்னிக்கு ஏற்கெனவே நான் ஒரு முடிவை யாரையும் கேட்காம எடுத்து வெச்சிருக்கேன்.

கஸ்தூரிதான் முடிச்சு வெச்சா. கையைத் தூக்கிக் கட்டில் கம்பியில ஓங்கி ஒரு அடி. சிவப்பும் பச்சையும் தெறிச்சு விழுந்துச்சு. "அண்ணி, வேற வளையல் வாங்கிக்கலாம்"னா. "இந்தக் கையையும் பிடிங்க."

நாத்தனார் கண்ணைத் துடைச்சா. பிடிச்சா. மிச்சத்தைத் தாதி துணியைச் சுத்தி ஒவ்வொண்ணா நொறுக்கினா. ஊசி ஏறிச்சு. கட்டிலைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. கதவு மூடிச்சு.

நான் கிளினிக்குத் திரும்பினேன். மணி நாலரை. மிஸ்ஸி அட்டையை மேசை மேல எடுத்து வெச்சுக் காத்திருந்தாங்க.

"எடை ரெண்டரைக் கிலோ ஏறியிருக்குன்னு தெரிஞ்சிருந்தா அவளை அனுப்பியிருக்கவே மாட்டேன்"னாங்க. கோபமா சொல்லல. அதனாலதான் அது இன்னும் மனசை விட்டுப் போகாம இருக்கு.

பேனாவை எடுத்தேன். எழுபத்தொன்பது புள்ளி நாலு மேல ஒரே கோடு, கீழ இருக்கிறது தெரியற மாதிரி. பக்கத்துல எண்பது புள்ளி ஒன்பது. கையெழுத்து. மேலதிகாரிக்கு என்ன நடந்துச்சுன்னு நானே எழுதிக் குடுத்தேன். மலாய்ல அஞ்சு வரி. எனக்கு அவ்வளவுதான் வரும். எச்சரிக்கைக் கடிதம் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்.

அதுல இருந்து பென்ஷன் வரைக்கும் ஒரு கிராம் கழிக்கல. உங்களுக்கும் அதுதான். ஜீன்ஸா, "ஜீன்ஸ்"னு பக்கத்துல எழுதுங்க. வளையலா, "வளையல்"னு எழுதுங்க. நம்பர்ல கை வைக்காதீங்க. ஏறியிருந்தா திட்டாதீங்க, இறங்கியிருந்தா கை தட்டாதீங்க. நீங்க முகம் சுளிச்சா அவ பட்டினி கிடப்பா. நீங்க சிரிச்சாலும் கிடப்பா. மெதுவா ஏறினா அது சாப்பாடு. திடீர்னு ஏறினா உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்க. காரணம் கண்டுபிடிக்கிறது நம்ம வேலை இல்ல. காரணம் நல்லாப் பொருந்தி வந்துச்சுன்னா இன்னும் சீக்கிரமா கூப்பிடுங்க.

அன்னிக்கு ஆறு மணி ஆகப் போகுது. வீட்டுக்குப் போகல. கிளினிக் வாசல்லயே நிக்கிறேன், மிஸ்ஸியும் நிக்கிறாங்க. போன் அடிச்சுது. நாத்தனார்.

"அக்கா! பொம்பளைப் பிள்ளை! வயித்தைக் கீறித்தான் எடுத்தாங்க. மூக்கு அப்படியே எங்க தம்பி மூக்கு. நான் அழுதுட்டேன். அங்க ஒரு ஆன்டி டிஷ்யூ குடுத்தாங்க, அவங்க தாமான் ஸ்ரீ..."

"கஸ்தூரி?"

"முழிச்சிட்டா. ரத்தக் கொதிப்பு இறங்குதாம். ஆனா இன்னும் ரெண்டு நாள் கிட்டவே வெச்சுப் பார்க்கணுமாம். தண்ணி கேட்டா, இப்ப குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அம்மா வீட்டுல இருந்து எல்லாரும் இங்கயே வந்துட்டாங்க அக்கா. ஆரத்தித் தட்டைக் கூடக் கொண்டாந்துட்டாங்க, காவல்காரர் உள்ள விடல."

மிஸ்ஸி என் முழங்கையைப் பிடிச்சு ஆட்டுறாங்க. "என்ன, என்ன?"ன்னு. நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"பிள்ளை எடை பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க அக்கா. நானே கண்ணாடி வழியா பார்த்தேன்."

"துணியோடயா, துணி இல்லாமலா?"

"துணி இல்லாம!"

"எவ்வளவு?"

"ரெண்டு கிலோ நானூத்துப் பத்து."